அரசாங்க அறிவிப்பும் எழுத்துருவும்

ஊழியர் சேமநிதி வாரியத்தின் கடிதம், மருந்தகச் சுவரில் ஒட்டப்பட்ட டிங்கிக் காய்ச்சல் எச்சரிக்கை, பிள்ளைகள் கொண்டுவரும் பள்ளிச் சுற்றறிக்கை, சாலையோரப் பலகை ஆகிய யாவும் அரசாங்கமும் அதன் வாரியங்களும் மக்களோடு எழுத்தின் வழியாகப் பேசும் பேச்சாகும். இவற்றில் என்ன எழுதப்பட்டிருக்கிறது என்பது பற்றி நாம் அடிக்கடி பேசுகிறோம். எந்த வடிவ எழுத்தில் எழுதப்பட்டிருக்கிறது என்பதைப் பற்றிப் பேசுவது அரிது. இம்மாதப் பாடத்திற்கு அதனையே எடுத்துக்கொள்வோம்.

எழுத்தின் வடிவத்தில் தோட்டப் பாட்டாளிகள் கற்க வேண்டியது என்ன இருக்கிறது என்று சிலர் கேட்கக்கூடும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 'ஊழியர் சேமநிதி' என்று தட்டச்சுச் செய்த ஒரு வரி, அச்சாகி வரும்பொழுது 'ஊழியர் சமேநிதி' என்று வருகிறது. 'மேலாளர்' என்பது 'மலோளர்' ஆகிறது. எழுதியவர் பிழை செய்யவில்லை, எழுத்துக்கூட்டும் தவறவில்லை. கொம்பு மட்டும் இடம் மாறி அடுத்த எழுத்தின் முன்னால் போய் நின்றுவிட்டது. இத்தகைய பலகைகளையும் துண்டு அறிக்கைகளையும் நம்மில் பலர் பார்த்திருப்போம். 'தமிழ் தெரியாதவர் எழுதியது' என்று சிரித்துவிட்டுப் போயிருப்போம். ஆனால், படிக்கத் தட்டுத்தடுமாறும் ஒரு முதியவர் அதே அறிவிப்பின் முன் நிற்கும்பொழுது, பிழை தம்முடையதென்றே எண்ணிக்கொள்வார், படிக்காமலே திரும்பிவிடுவார். அந்த அறிவிப்பில் விண்ணப்பத்தின் இறுதிநாள் இருந்திருந்தால் இழப்பு அவருக்குத்தான்.

எழுத்துரு என்பது யாது?

எழுத்தின் உரு எழுத்துரு ஆகும். 'அ' என்னும் எழுத்து ஒன்றே. அதனைப் பருமனாகவோ மெலிதாகவோ, வளைவு மிகுந்தோ நேர்க்கோடுகளாகவோ எழுதலாம். முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை ஒரே கையால் எழுதப்பட்டதுபோல் ஒத்த அளவும் ஒத்த சாயலும் உடையதாக அமைக்கப்பட்ட தொகுதியை எழுத்துரு என்கிறோம். ஈய அச்செழுத்துக் காலத்தில் இது அச்சுக்கோப்பாளரின் பெட்டியில் கிடந்தது. இப்பொழுது கணினியிலும் கைப்பேசியிலும் கோப்பாகக் கிடக்கிறது.

ஒரு நிறுவனம் தன் கடிதங்கள், பலகைகள், இணையப் பக்கங்கள் யாவற்றிற்கும் ஒரே எழுத்துருவை வரையறுத்துக்கொண்டால் அதனை அந்நிறுவனத்தின் அடையாள எழுத்துரு எனலாம். பால்வெட்டுப் பழகியவர்களுக்கு இதன் காரணத்தை விளக்க வேண்டியதில்லை. வெட்டின் சாய்வை ஒவ்வொருவரும் தம் விருப்பம்போல் வைத்துக்கொண்டால் மரம் என்னாகும்? ஆகவேதான் அளவு வைத்துப் பட்டையில் முதலில் கோடு குறித்துக்கொள்கிறோம். பார்த்துப் பழகிய எழுத்தை நம் கண் விரைவாகப் படிக்கிறது. அதோடு, பழகிய வடிவில் வரும் அறிவிப்பை மக்கள் நம்புகிறார்கள். போலிக் குறுஞ்செய்திகளும் போலிக் கடிதங்களும் உலவும் இக்காலத்தில் அரசாங்கத்தின் கடிதம் எப்படி இருக்கும் என்று மக்கள் அறிந்திருப்பது ஒரு பாதுகாப்பாகும். முழுப் பாதுகாப்பென்று சொல்ல மாட்டோம். எழுத்துருவைப் போலி செய்பவரும் வாங்கிப் பயன்படுத்தலாம்.

பிற நாடுகளில் இவ்விஷயத்தை எப்படிக் கையாண்டனர் என்று சிறிது பார்ப்போம். பிரித்தானியாவில் 1950ஆம் ஆண்டுகளின் இறுதியில் புதிய விரைவுச் சாலைகள் அமைக்கப்பட்டபோது, ஜாக் கின்னியர், மார்கரெட் கால்வர்ட் என்னும் இருவர் சாலைப் பலகைகளுக்கென்று ஓர் எழுத்துருவை வரைந்தனர். 'டிரான்ஸ்போர்ட்' என்பது அதன் பெயர். டேவிட் கிண்டர்ஸ்லி என்பவர் வேறொரு வடிவத்தை வரைந்து இதற்குப் போட்டியாக முன்வைத்தார். இரண்டையும் சோதிப்பதற்கு ஒரு விமானத் தளத்தில் தன்னார்வலர்களை வரிசையாக உட்காரவைத்து, பலகையைச் சுமந்த வண்டியை அவர்களை நோக்கி ஓட்டிவந்து, எத்தனை தொலைவில் படிக்க முடிகிறது என்று கணக்கிட்டனர். டிரான்ஸ்போர்ட் எழுத்துருவே இறுதியில் ஏற்கப்பட்டு, 1965 முதல் நாடெங்கும் பலகைகளில் இடம்பெற்றது. 2012இல் அந்நாட்டு அரசாங்கம் தன் இணையத்தளங்களை ஒன்றாக்கியபோது அதே எழுத்துருவின் புதிய வடிவத்தையே அங்கும் எடுத்துக்கொண்டது.

மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வண்டி ஒரு வினாடியில் 25 மீட்டர் கடந்துவிடும். கோலாலம்பூரையும் கிள்ளானையும் இணைக்கும் கூட்டரசு நெடுஞ்சாலையில் பேருந்தில் போகும்பொழுது ஒரு பலகை கண்ணில் பட்டதிலிருந்து கடந்துபோகும் வரை எத்தனை வினாடி ஆகிறதென்று எண்ணிப் பாருங்கள். அந்தச் சில வினாடிக்குள் ஓட்டுநர் படித்து, முடிவு செய்து, தடம் மாற வேண்டும். ஆகவே நம் நாட்டிலும் சாலைப் பலகையின் எழுத்து எழுதுவோரின் விருப்பத்திற்கு விடப்படவில்லை. விரைவுச் சாலைகளில் மலேசிய நெடுஞ்சாலை வாரியம் தனக்கென வகுத்த எழுத்துருவும், மற்றச் சாலைகளில் பெரும்பாலும் மேற்சொன்ன டிரான்ஸ்போர்ட் எழுத்துருவின் பருத்த வடிவமும் பயன்படுகின்றன.

அமெரிக்க வெளியுறவு இலாகாவில் இவ்விஷயம் வழக்குப்போலவே ஆகிவிட்டது. 2004இல் தட்டச்சுப் பொறி எழுத்தை ஒத்த 'கூரியர் நியூ' என்பதைக் கைவிட்டு 'டைம்ஸ் நியூ ரோமன்' என்பதை 14 புள்ளி அளவில் ஏற்றனர். 2023இல் பார்வைக் குறைவுடையோர் படிப்பதற்கு எளிதென்று கூறி 'கலிபிரி' என்பதற்கு மாறினர். 2025 டிசம்பரில் மீண்டும் பழையதற்கே திரும்பினர். எது சிறந்தது என்ற வாதத்திற்குள் நாம் போக வேண்டியதில்லை. அடிக்கடி மாற்றுவது நன்றன்று என்பதே நம் கருத்து. அடையாளம் என்பது பல்லாண்டு பழகினால்தான் அடையாளமாகும்.

தமிழுக்கு நேர்ந்த மாற்றம்

இவையெல்லாம் உரோமன் எழுத்தின் கதை. தமிழில் ஓர் அரசாங்கம் எழுத்து வடிவத்தை முடிவு செய்த நிகழ்ச்சி ஒன்று உண்டு. தோட்டத்து முதியவர்களுக்கு அது நேரில் தெரிந்த செய்தி.

ணை, லை, ளை, னை என்னும் நான்கு எழுத்துகளையும் முற்காலத்தில் யானைத் துதிக்கை மேலே சுருண்டு நிற்பதுபோன்ற குறியோடு எழுதினர். ணா, றா, னா ஆகியவற்றிற்குத் தனிக் கால் கிடையாது. எழுத்தின் இறுதிக் கோடே சுழித்துக்கொள்ளும். ணொ, ணோ, றொ, றோ, னொ, னோ ஆகியவையும் அவ்வாறே. ஆக 13 எழுத்துகள் பொது விதிக்குப் புறம்பாக நின்றன. குழந்தை தனியாக நினைவில் வைக்க வேண்டிய வடிவங்களும் அச்சகத்தில் தனியாக வார்க்க வேண்டிய எழுத்துகளும் இதனால் பெருகின. பெரியார் ஈ.வெ. இராமசாமி 1935 சனவரியில் தம் 'குடி அரசு' இதழில் இவற்றைப் பொது விதிக்குள் கொண்டுவந்து அச்சிடத் தொடங்கினார். நாற்பத்து மூன்று ஆண்டுகள் சென்ற பின், 1978 அக்டோபரில் தமிழ்நாட்டு அரசு ஆணை பிறப்பித்து இவ்வடிவங்களை ஏற்றது. பின்னர்ச் சிங்கப்பூரும் மலேசியாவும் பள்ளிப் பாடநூல்களில் இவற்றையே கைக்கொண்டன.

ஒரு செய்தியை இங்கே கவனிக்க வேண்டும். பெரியாருக்கு முன்னும் தமிழ் எழுத்து மாறாமல் இருந்ததில்லை. மெய்யெழுத்துக்குப் புள்ளி உண்டென்று தொல்காப்பியம் கூறுகிறது. ஆயினும் ஓலையில் எழுதியவர்கள் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதனைப் பெரும்பாலும் விட்டுவிட்டனர். எகரத்திற்கும் ஏகாரத்திற்கும் இன்று நாம் காட்டும் வேறுபாடு 18ஆம் நூற்றாண்டில் இத்தாலியரான வீரமாமுனிவர் செய்த திருத்தத்தால் நிலைபெற்றது. எழுதும் பொருள் மாறும்பொழுது எழுத்தின் உருவும் மாறுகிறது. யாழ்ப்பாணத்தில் பிறந்து சிங்கப்பூரில் பணிபுரிந்த இரா. முத்தையா தமிழ்த் தட்டச்சுப் பொறியை அமைத்தபோது, 247 எழுத்துகளையும் சில பத்து விசைகளுக்குள் அடக்க என்ன பாடுபட்டிருப்பார் என்று எண்ணிப் பாருங்கள்.

எழுத்துரு தேர்வுக்கு இதிலிருந்து ஒரு பாடம் கிடைக்கிறது. இன்றும் சில எழுத்துருக்கள் பழைய துதிக்கை வடிவத்தைக் காட்டுகின்றன. அலங்காரத்திற்காக யாரேனும் அதனைத் தேர்ந்து ஒரு பலகையில் இட்டால், பள்ளிப் பிள்ளைக்கு அது புதிய எழுத்தாகத் தோன்றும். பாடநூலில் ஒரு வடிவம், அறிவிப்பில் வேறொரு வடிவம் என்பது அரசாங்கம் இரு குரலில் பேசுவதற்கு ஒப்பாகும்.

கணினிக்குள் தமிழ்

இனி, 'சமேநிதி' எப்படிப் பிறந்தது என்பதற்கு வருவோம்.

கணினியில் தமிழை எழுதும் முயற்சியில் மலேசியத் தமிழரின் பங்கு பெரிது. முத்து நெடுமாறன் 1985இல் உருவாக்கிய முரசு என்னும் மென்பொருள் பின்னர் முரசு அஞ்சலாக வளர்ந்து உலகத் தமிழரின் கைகளுக்குச் சென்றது. அவர் வரைந்த இணைமதி முதலிய எழுத்துருக்கள் ஆப்பிள் நிறுவனத்தின் கணினிகளில் இடம்பெற்றன. பெயரின் இறுதியில் 'எம்.என்.' என்று முடியும் தமிழ் எழுத்துருக்களை அக்கணினிகளில் காண்பவர்கள், அவ்விரு எழுத்துகளும் அவருடைய பெயரின் முதலெழுத்துகள் என்று அறிந்துகொள்ளலாம்.

தொடக்கத்தில் ஒரு பெரிய குறை இருந்தது. ஒவ்வோர் எழுத்துருவும் தமிழ் எழுத்துகளைத் தனக்கு வேண்டிய எண்களில் வைத்துக்கொண்டது. ஒன்றில் 'க' இருந்த எண்ணில் மற்றொன்றில் 'ஞ' இருக்கும். ஒரு அலுவலகத்தில் தட்டச்சுச் செய்த கடிதத்தை அதே எழுத்துரு இல்லாத மற்றோர் அலுவலகத்தில் திறந்தால், பொருளற்ற உரோமன் எழுத்துகளும் குறிகளுமே தெரியும். இதனைத் தீர்க்க 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் தமிழ் இணைய மாநாடுகள் கூடி ஆராய்ந்தன. உலக மொழிகள் யாவற்றிற்கும் தனித்தனி எண் வகுத்த ஒருங்குறியில் தமிழ் 1991 முதலே இடம்பெற்றிருந்தது. அதுவே படிப்படியாக நிலைபெற்றது. தமிழ்நாட்டு அரசு 2010இல் தன் அலுவல்களுக்கு ஒருங்குறியை முறைப்படி ஏற்றது.

ஒருங்குறி தமிழைப் பார்க்கும் வரிசையில் வைப்பதில்லை. ஒலிக்கும் வரிசையில் வைக்கிறது. 'சே' என்பதில் முதலில் 'ச', அடுத்து ஏகாரக் குறி என்ற முறையில்தான் கணினி நினைவில் வைத்துக்கொள்ளும். திரையிலும் தாளிலும் காட்டும்போது கொம்பை முன்னால் எடுத்துவந்து நிறுத்துவது மென்பொருளும் எழுத்துருவும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலையாகும். பலகை வடிவமைக்கும் மென்பொருள் பழையதாயிருந்தாலோ, தமிழுக்குரிய அமைப்பு முடுக்கப்படாமல் இருந்தாலோ, கொம்பு நினைவில் உள்ள இடத்திலேயே நின்றுவிடும். அதாவது 'ச'வுக்குப் பின்னால், 'ம'வுக்கு முன்னால் நிற்கும். பார்ப்பவர் அதனை 'சமே' என்றே படிப்பார். வடிவமைப்பவர் தமிழ் அறியாதவராக இருந்தால் அவர் கண்ணுக்கு இரண்டும் ஒன்றுதான், குற்றம் அவருடையதன்று. தமிழ் அறிந்த ஒருவர் அச்சுக்குப் போகுமுன் இறுதிப் படியைப் பார்க்கவில்லை என்பதே குற்றம். முதலில் அனுப்பிய மொழிபெயர்ப்பைச் சரிபார்த்தால் போதாது. சிதைவு அதற்குப் பிறகுதான் நேர்கிறது.

நம் அரசாங்கத்தின் எழுத்துருவும் தமிழும்

மலேசிய அரசாங்க இணையத்தளங்களுக்கென்று வகுக்கப்பட்டுள்ள வடிவமைப்பு முறைமை, தலைப்புகளுக்குப் 'பாப்பின்ஸ்' என்னும் எழுத்துருவையும் உள்ளுரைக்கு 'இன்டர்' என்னும் எழுத்துருவையும் குறிப்பிடுகிறது. இரண்டும் தெளிவானவை, கட்டணமின்றி யாரும் பயன்படுத்தக்கூடியவை. பாப்பின்ஸ் இந்தியாவில் உருவானது. அதில் உரோமன் எழுத்தோடு இந்தி முதலிய மொழிகளை எழுதும் தேவநாகரியும் உண்டு. ஆனால் தமிழ் அதில் இல்லை. இன்டரிலும் இல்லை.

இதன் விளைவு என்ன? தேசியமொழியில் எழுதிய வரி அரசாங்கத்தின் அடையாள எழுத்துருவில் தோன்றும். அதே பக்கத்தில் தமிழ் வரி இருந்தால், படிப்பவரின் கருவி தன்னிடம் உள்ள ஏதோ ஒரு தமிழ் எழுத்துருவை எடுத்து நிரப்பிக்கொள்ளும். ஒருவர் கைப்பேசியில் பருமனாகவும் மற்றொருவர் கணினியில் ஒல்லியாகவும் தோன்றும். அடையாள எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும்பொழுதே அதற்கு இணையான தமிழ் எழுத்துரு எது என்பதையும் பெயர் குறிப்பிட்டு எழுதிவைப்பது ஒன்றே இதற்கு வழி. சீன எழுத்துக்கும் ஜாவி எழுத்துக்கும் இது பொருந்தும். 'தமிழுக்கு ஏதேனும் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்' என்று விடுவது சிக்கனமுமன்று. கட்டணமில்லாத நல்ல தமிழ் எழுத்துருக்கள் இன்று பல உள்ளன. நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேட்டமரான் ஆகியவை சில. இவற்றில் எழுத்தின் கோடு ஏறக்குறைய ஒரே பருமனில் அமைந்திருப்பதால், மேற்சொன்ன உரோமன் எழுத்துருக்களின் பக்கத்தில் வைத்தால் ஒத்துப்போகும்.

எதைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது?

அழகைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். முதலில் பார்க்க வேண்டியது ஓர் எழுத்து மற்றோர் எழுத்தாகத் தோன்றாமல் இருக்கிறதா என்பதே.

தமிழில் மிகுந்த தொல்லை தருவது 'ர'வும் காலும். சில எழுத்துருக்களில் இரண்டிற்கும் வேறுபாடே தெரியாது. 'தொடாதே' என்ற எச்சரிக்கையைப் படிப்பவர் 'தொடரதே' என்று கூட்டினால், 'தொடர' என்னும் சொல்லல்லவா அங்கே எழுந்து நிற்கிறது! நஞ்சுக் கலத்தின் மேல் இது விளையாட்டன்று. 'ர'வின் கால் கீழே சாய்ந்து இறங்கி, துணைக்கால் நேராக நிற்கும் எழுத்துருவையே தேர்ந்தெடுக்க வேண்டும். அடுத்தது ஒற்றைக் கொம்பும் இரட்டைக் கொம்பும். கொம்பின் மேற்சுழி போதிய அளவு திறந்திருக்காவிட்டால் கொடி கோடியாகும். விண்ணப்பத்தின் 'கெடு' விண்ணப்பத்தின் 'கேடு' ஆகிவிடும். மூன்றாவது புள்ளி. மிகச் சிறிதாகவும் எழுத்தோடு ஒட்டியும் இருந்தால், நகலெடுக்கும் பொறியில் இரண்டு முறை போய்வந்த தாளில் புள்ளியே இராது. பெரட்டுக் களத்துப் பலகையில் ஒட்டப்படும் தாள்களில் எத்தனை நகலின் நகல் என்பதைக் கிராணிமார் அறிவர்.

ண, ஞ, ஐ முதலிய சுழி மிகுந்த எழுத்துகளைப் பருத்த வடிவில் அச்சிட்டால் சுழிக்குள் மை நிரம்பி, கறுப்புக் கட்டியாகத் தெரியும். 'முக்கியம்' என்பதற்காக முழு அறிவிப்பையும் பருத்த எழுத்தில் இடும் வழக்கம் இதனால் தீமையே செய்கிறது. உரோமனில் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் எழுதி அழுத்தம் தருவதுண்டு. தமிழில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பிரிவு இல்லை. ஆகவே நாள், நேரம், தொகை ஆகிய இரண்டு மூன்று சொற்களை மட்டும் பருமனாக்கி, மற்றவற்றை இயல்பாக விடுவதே தக்கது. சாய்வெழுத்தைத் தமிழில் தவிர்க்கலாம்; பெரும்பாலான தமிழ் எழுத்துருக்களில் அதற்கென வரைந்த வடிவம் இல்லாததால், நேர் எழுத்தைக் கணினி வலிந்து சாய்த்துவிடுகிறது.

பலகைகளில் தேசியமொழி முதன்மை பெற வேண்டும் என்பது நம் நாட்டு முறை. அதன் கீழே பிற மொழிகள் அளவில் சிறுத்து வரும். இதனை நாம் குறையாகச் சொல்லவில்லை. ஆனால் இடம் குறையும்பொழுது எழுத்துருவின் தேர்வு இன்னும் முக்கியமாகிறது. 'கெலுவார்' என்பதை உரோமனில் ஆறு எழுத்தில் எழுதிவிடலாம். தமிழில் 'வெளியேறும் வழி' என்று இரு சொல் வேண்டும். இரண்டையும் ஒரே நீளத்தில் பொருத்துவதற்காகத் தமிழ் வரியைப் பக்கவாட்டில் நெருக்கிப் பிழிந்துவிடுகிறார்கள். சுழிகள் நசுங்கி, ன என்பதும் ண என்பதும் ஒன்றாகிவிடுகின்றன. குறுகிய வடிவம் வேண்டுமானால் குறுகலாகவே வரையப்பட்ட எழுத்துருவைத் தேட வேண்டும். அல்லது இரண்டு வரியாக்க வேண்டும். இரண்டு வரியாக்கினால் இடைவெளியைத் தாராளமாக விட வேண்டும். தமிழில் மேலே விசிறியும் புள்ளியும், கீழே உகர ஊகாரச் சுழிகளும் நீள்வதால், உரோமனுக்குப் போதுமான இடைவெளி தமிழுக்குப் போதாது.

பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் துன் சம்பந்தன் சாலையிலும், கிள்ளானில் தெங்கு கிளானா சாலையிலும் நடந்துபோகும் வாய்ப்புக் கிடைத்தால், கடைப் பலகைகளை இக்கண்ணோடு பாருங்கள். சேலைக் கடையும் நகைக் கடையும் வளைவு நெளிவு மிக்க எழுத்தை வைத்திருக்கும். அவர்களுக்கு அது தகும். வாடிக்கையாளர் கடைக்கு முன்னால் நின்று பார்த்துவிட்டு உள்ளே போகிறார். திருமண அழைப்பிதழுக்கும் திருவிழாப் பதாகைக்கும் ஏற்ற அந்த எழுத்தே தடுப்பூசி அறிவிப்பில் வந்தால்தான் பொருந்தாது.

அதே பிரிக்பீல்ட்ஸில் 1951இல் தொடங்கப்பட்ட மலேசியப் பார்வையற்றோர் சங்கத்தின் தலைமையகம் இருக்கிறது. சுற்றுப்புற நடைபாதைகளில் காலால் தடவி அறியும் கோடுகள் பதிக்கப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். எழுத்துருவுக்கும் பார்வையற்றவருக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். பார்வையற்றோர் பலர் இன்று கைப்பேசி உரக்கப் படித்துக் காட்டுவதைக் கேட்டே செய்தி அறிகின்றனர். தமிழ் ஒருங்குறியில் எழுத்தாக இருந்தால் கருவி அதனைப் படிக்கும். பழைய எழுத்துருவில் இருந்தால் பொருளற்ற ஒலியையே எழுப்பும். அறிவிப்பைப் படமாக்கி அனுப்பினாலும் பெரும்பாலும் இதே நிலைதான். புலனக் குழுக்களில் இலாகாக்களும் சங்கங்களும் அறிவிப்பைப் படமாகவே அனுப்பும் வழக்கம் பரவியிருக்கிறது. படத்தோடு அதே செய்தியை எழுத்தாகவும் அனுப்பினால், பார்வையற்றவர் கேட்கலாம். கண் மங்கியவர் தம் கைப்பேசியில் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம்.

சோதித்துப் பார்க்கும் முறை

நாம் ஆசிரியப் பயிற்சி பெற்ற நாள்களில், கரும்பலகையில் எழுதி முடித்ததும் வகுப்பின் கடைசி வரிசைக்குப் போய் நின்று படித்துப் பார்க்கும்படி கற்பிக்கப்பட்டோம். விமானத் தளத்தில் வண்டி ஓட்டிச் சோதித்ததும் இதே முறைதான். தோட்டத்தில் தொழிற்சங்கக் கிளை, பெற்றோர் ஆசிரியர் சங்கம், கோயில் நிர்வாகம், கூட்டுறவுக் கடை ஆகியவற்றின் பொறுப்பில் உள்ளவர்கள் தங்கள் அறிவிப்புகளுக்கும் இதனைச் செய்யலாம். கொடி, கோடி, கெடு, கேடு, மனை, மணை, பல்லி, பள்ளி, தொடாதே, சேமநிதி என்னும் சொற்களை இரண்டு மூன்று எழுத்துருக்களில் ஒரே அளவில் அச்சிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். பத்தடித் தொலைவில் நின்று ஒரு முதியவரையும் மூன்றாம் ஆண்டு படிக்கும் ஒரு பிள்ளையையும் தனித்தனியே படிக்கச் சொல்லுங்கள். சொற்களுக்குள் தொடர்பு இல்லாதபடியால் ஊகித்துச் சொல்ல முடியாது. எந்த எழுத்துருவில் தவறு குறைகிறதோ அதனை வைத்துக்கொண்டு, இனி எல்லா அறிவிப்புக்கும் அதையே பயன்படுத்துங்கள்.

சோதனையைப் பகலில் செய்வதோடு நிறுத்த வேண்டாம். பால்வெட்டுக்குப் புறப்படும் விடியற்காலையில், பெரட்டுக் களத்து விளக்கொளியில் ஒருமுறையும், தலைவிளக்கின் வெளிச்சத்தில் ஒருமுறையும் பாருங்கள். மஞ்சள் தாளில் வெள்ளை எழுத்தும், சிவப்பில் கறுப்பு எழுத்தும் அவ்வேளையில் மறைந்தே போகும். வெள்ளையில் கறுப்பு எவ்வொளியிலும் நிற்கும்.

அரசாங்க அறிவிப்பில் தமிழ் சிதைந்திருப்பதைக் கண்டால் பேசிவிட்டுப் போய்விட வேண்டாம். அதனைக் கைப்பேசியில் படம் எடுத்து, எந்த இடத்தில் எந்த நாளில் கண்டீர்கள் என்ற விவரத்தோடு அந்த அறிவிப்பை வெளியிட்ட இலாகாவுக்கோ மாவட்டத் தகவல் அலுவலகத்துக்கோ அனுப்புங்கள். 'தமிழ் தவறு' என்று மட்டும் எழுதினால் பெறுபவருக்கு ஒன்றும் விளங்காது. மொழிபெயர்ப்பாளரிடம் அனுப்புவார், மொழிபெயர்ப்புச் சரி என்று பதில் வரும், அதோடு முடிந்துவிடும். 'சொல் சரி, அச்சில் எழுத்து இடம் மாறியுள்ளது' என்று தெளிவாகக் குறிப்பிடுங்கள். சரியான சொல்லைத் தட்டச்சுச் செய்து படத்தின் கீழே சேர்த்து அனுப்புங்கள். தமிழ் படிக்கத் தெரியாத அதிகாரியும் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்துக் கொம்பு எங்கே நகர்ந்திருக்கிறது என்று விரல் வைத்துக் காட்டிவிட முடியும்.